நகல் எடுத்த பிறகு வரும் தொல்லைகள்: லிஸ்ட், அரே, செட், மேப் இடையே தரவை மாற்றும்போது அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

லிஸ்ட்டிலிருந்து செட்டுக்கு, அரேயிலிருந்து லிஸ்ட்டுக்கு, ஒரு மேப்பிலிருந்து இன்னொரு மேப்புக்கு என்று தரவை நகலெடுக்கும் வேலை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். (லிஸ்ட்டும் அரேயும் உறுப்புகளை வரிசையாக வைப்பவை, செட் ஒரே உறுப்பை இருமுறை வைக்காதது, மேப் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சாவியோடு சேர்த்து வைப்பது. இவற்றை மொத்தமாகத் தொகுப்பு என்கிறேன்.) அந்த வரியின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிழை தலைகாட்டுவதோ நூறு வரி தள்ளி, வேறொரு கோப்பில், சில சமயம் வேறொருவர் எழுதிய பகுதியில். அதனால்தான் இதை மொழி வாரியாகவோ கிளாஸ் வாரியாகவோ எழுதாமல், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளில் ஜாவா அதிகம் இருக்கும், எனக்குப் பழகிய மொழி அது. சி ஷார்ப், பைத்தான், சி பிளஸ் பிளஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை தேவைப்படும் இடங்களில் வரும்.

இந்தப் பிழைகள் பார்ப்பதற்கு வேறு வேறாக இருந்தாலும் பிறக்கும் இடம் ஒன்றுதான். நகலெடுப்பவர் உள்ளே இருக்கும் உறுப்புகளை மட்டுமே நினைக்கிறார், அவை போய்ச் சேரும் இடத்தின் விதிகளை மறந்துவிடுகிறார். எந்த இரண்டைச் சமம் என்று கருதுவது, எந்த வரிசையில் வைப்பது, வெற்று மதிப்பை ஏற்பதா மறுப்பதா, பின்னால் மாற்ற விடுவதா கூடாதா என்பதையெல்லாம் ஒவ்வொரு தொகுப்பும் தன் போக்கில் முடிவு செய்கிறது.

எதையும் திருத்துவதற்கு முன், நகலெடுத்த வரிக்கு அடுத்த வரியில் நான்கு விவரங்களை அச்சிடுங்கள்:

1. அசல், நகல் இரண்டின் உண்மையான கிளாஸ் பெயர். மாறியை அறிவித்தபோது எழுதிய வகைப்பெயரை நம்ப வேண்டாம். லிஸ்ட் என்று அறிவித்த மாறிக்குள் ஏழெட்டு விதமான கிளாஸ்களில் எது வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.
2. இரண்டின் எண்ணிக்கை.
3. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்பது. ஜாவாவில் இரட்டைச் சமக்குறி, பைத்தானில் ‘இஸ்’, சி ஷார்ப்பில் ‘ரெஃபரன்ஸ் ஈக்வல்ஸ்’.
4. இரண்டின் முதல் உறுப்பும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்பது.

கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த நான்கு வரிகளிலேயே அம்பலமாகிவிடும்.

நகலில் கை வைத்தால் அசலும் மாறுகிறது

அதிகம் காதில் விழும் புகார் இது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும், மூன்றுக்கும் மருந்து வேறு. முதலில் நகலில் ஒரு புதிய உறுப்பைச் சேர்த்துவிட்டு அசலின் எண்ணிக்கையைப் பாருங்கள். அடுத்து, நகலில் உள்ள ஓர் உறுப்பின் உள்ளே ஏதாவது ஒரு புலத்தை மாற்றிவிட்டு அசலில் அதே உறுப்பைப் பாருங்கள்.

அசலின் எண்ணிக்கை கூடியது, மேலே சொன்ன மூன்றாவது விவரமும் ‘ஒரே ஆப்ஜெக்ட்’ என்கிறது என்றால் நீங்கள் நகலே எடுக்கவில்லை. ‘நகல் = அசல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டும் வேலையைத்தான் செய்கிறது. ஜாவாவில் ‘நியூ அரேலிஸ்ட்’ என்று புதிதாக உருவாக்கி அதன் அடைப்புக்குள் அசலைக் கொடுங்கள். பைத்தானில் ‘லிஸ்ட்’ என்று அழைத்து அசலைக் கொடுங்கள், அல்லது அசலின் ‘காப்பி’ மெத்தடை அழையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் மூன்று புள்ளி போட்டு விரித்து எழுதினால் போதும்.

எண்ணிக்கை கூடியது, ஆனால் இரண்டும் வேறு வேறு ஆப்ஜெக்ட் என்கிறதா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது வியூ. அசலைப் பார்க்கும் சன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று தரவு எதுவும் வைத்துக்கொள்ளாமல் அசலையே காட்டிக்கொண்டிருக்கும். ஜாவாவின் சப்லிஸ்ட் இப்படிப்பட்டது. மேப்பின் கீசெட், வேல்யூஸ் இரண்டும் இப்படித்தான். அவற்றில் எதையும் சேர்க்க முடியாது, ஆனால் ஒன்றை நீக்கினால் மேப்பிலிருந்தே போய்விடும். அரேயை லிஸ்ட் ஆக்கித் தரும் ‘ஆஸ்லிஸ்ட்’ பாதிச் சன்னல்: சேர்க்கவோ நீக்கவோ விடாது, ஆனால் ஓர் இடத்து மதிப்பை மாற்றினால் அடியில் இருக்கும் அரேயும் மாறும். இதில் பலரை ஏமாற்றுவது ‘அன்மாடிஃபயபிள்லிஸ்ட்’. பெயரைப் பார்த்தால் பூட்டு போட்ட நகல் போலத் தோன்றும். உண்மையில் உங்கள் பக்கத்துக் கதவைத்தான் அது பூட்டுகிறது. அசலை வைத்திருப்பவர் மறுபக்கத்திலிருந்து தாராளமாக மாற்றலாம், மாற்றியது உங்களுக்கும் தெரியும். பூட்டிய நகல்தான் வேண்டுமென்றால் ஜாவா 10 முதல் இருக்கும் ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’, ‘செட்.காப்பிஆஃப்’, ‘மேப்.காப்பிஆஃப்’ ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஆனால் உறுப்பின் புலத்தை மாற்றினால் அசலிலும் மாறுகிறது என்றால் அது மேலோட்டமான நகல். வெளிப்பெட்டி புதிது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் பழையவை. இது பிழையே அல்ல. நகல் கன்ஸ்ட்ரக்டர், குளோன், ஸ்ட்ரீம், விரிப்பு எல்லாம் இயல்பாகவே இப்படித்தான் வேலை செய்யும். எழுத்துச்சரமும் எண்களும் மட்டும் உள்ள லிஸ்ட்டில் இதனால் எந்தத் தொல்லையும் வராது, அவற்றின் உள்ளே மாற்ற எதுவும் இல்லை. மாறக்கூடிய ஆப்ஜெக்ட்கள் இருக்கும்போதுதான் வலி.

இந்த வலியின் வேறொரு உருவம் இரட்டைப் பரிமாண அரே. ஜாவாவில் அரேக்குள் அரே இருக்கும்போது வெளி அரேயைக் குளோன் செய்தால் வரிசைகள் பழையவையாகவே இருக்கும், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் குளோன் செய்ய வேண்டும். பைத்தானில் மூன்று பூஜ்யங்கள் கொண்ட லிஸ்ட்டை இன்னொரு லிஸ்ட்டுக்குள் வைத்து, அதை மூன்றால் பெருக்கி அட்டவணை உருவாக்கினால் கிடைப்பது ஒரே வரிசையின் மூன்று பெயர்கள். ஒரு கட்டத்தில் 1 எழுதினால் மூன்று வரிசைகளிலும் 1 வந்து நிற்கும். அதே மொழியில் ‘டிக்ட்.ஃப்ரம்கீஸ்’ அழைத்து மதிப்பாகக் காலி லிஸ்ட்டைக் கொடுப்பதும், ஜாவாஸ்கிரிப்ட்டில் அரேயின் ‘ஃபில்’ மெத்தடுக்குக் காலி அரேயைக் கொடுப்பதும் இதே குழியில்தான் தள்ளும்.

சரி, ஆழமான நகல் எடுப்பது எப்படி? எல்லா மொழியிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பைத்தானில் ‘டீப்காப்பி’ இருக்கிறது. ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்ட்களில் அது சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்வதில்லை, ஏற்கெனவே நகலெடுத்ததைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘ஸ்ட்ரக்சர்டு குளோன்’ இருக்கிறது. ஃபங்ஷன் ஏதாவது உள்ளே இருந்தால் அது பிழை எறியும், உங்கள் கிளாஸின் மெத்தட்களும் நகலில் வராது. அதற்குப் பதிலாக ஜேசன் சரமாக்கித் திரும்பப் படிக்கும் பழைய தந்திரத்தை இன்னும் பல நிரல்களில் பார்க்கிறேன். அது தேதியைச் சரமாக்கிவிடும், ‘அன்டிஃபைன்டு’ மதிப்புள்ள புலங்களை உதிர்த்துவிடும், மேப்பைக் காலி ஆப்ஜெக்ட் ஆக்கிவிடும். மூன்றையும் சத்தமில்லாமல் செய்யும் என்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. ஜாவாவில் பொதுவான வழி கிடையாது. உறுப்பின் கிளாஸில் நகல் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று எழுதி, ஒவ்வோர் உறுப்புக்கும் அதை அழைக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆழமான நகல் உண்மையிலேயே தேவையா? உறுப்புகளை மாற்ற முடியாதவையாக வடிவமைத்துவிட்டால் பகிர்ந்துகொள்வதில் ஆபத்தே இல்லை. ஜாவா 16 முதல் முழுமையாக வந்த ரெக்கார்டு (புலங்களுக்கு மறுபடி மதிப்பு கொடுக்க விடாத கிளாஸ் வகை) இதற்கு வசதி. ஆனால் ரெக்கார்டின் புலமே ஒரு லிஸ்ட் என்றால் அந்த லிஸ்ட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும்போதே ‘காப்பிஆஃப்’ போட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகவே, வெளியிலிருந்து வந்த லிஸ்ட்டை அப்படியே புலத்தில் வைப்பதும், புலத்தில் இருப்பதை அப்படியே வெளியே கொடுப்பதும் இந்த அறிகுறியின் ஊற்றுக்கண்கள்.

நகலை யாரும் தொடவில்லை, ஆனாலும் மாறுகிறது. அல்லது இரண்டாம் முறை காலியாக இருக்கிறது

நீங்கள் வைத்திருப்பது தரவு இல்லை, தரவைத் தயாரிக்கும் செய்முறை. சி ஷார்ப்பின் லிங்க் (LINQ) வினவலை ஒரு மாறியில் வைத்தால், ஒவ்வொரு முறை அதன் மேல் சுற்றும்போதும் அது மூலத் தொகுப்பிலிருந்து புதிதாகக் கணக்கிடும். இடையில் மூலம் மாறியிருந்தால் விடையும் மாறும். வினவலின் கடைசியில் ‘டூலிஸ்ட்’ சேர்த்து அந்த இடத்திலேயே உறைய வையுங்கள். பைத்தானின் ஜெனரேட்டர், ‘மேப்’ ஃபங்ஷன் (மேப் தொகுப்பு அல்ல), ஸிப் ஆகியவை ஒரு முறைதான் ஓடும். முதல் சுற்றில் எல்லாம் வரும், இரண்டாவது சுற்றில் எதுவும் வராது, எச்சரிக்கையும் இருக்காது. ஜாவாவின் ஸ்ட்ரீம் கொஞ்சம் நேர்மையானது: இரண்டாம் முறை தொட்டால் ‘இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன்’ எறிந்து சொல்லிவிடும்.

எண்ணிக்கை குறைந்துவிட்டது

செட்டுக்கு மாற்றினால் இரட்டைகள் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எது இரட்டை என்று செட் எப்படி முடிவு செய்கிறது என்பது.

ஜாவாவில் ஹாஷ்செட் ‘ஈக்வல்ஸ்’, ‘ஹாஷ்கோடு’ இரண்டையும் கேட்கிறது: ‘ஹாஷ்கோடு’ தரும் எண்ணை (ஹாஷ்) வைத்து உறுப்புக்கு ஓர் அறையைத் தேர்ந்தெடுக்கிறது, ‘ஈக்வல்ஸ்’ கொண்டு அந்த அறைக்குள் ஒப்பிடுகிறது. உறுப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீசெட் அவற்றைக் கேட்பதே இல்லை, ஒப்பீட்டு விதியை மட்டும் கேட்கிறது. ஒப்பீடு பூஜ்யம் என்றால் அதற்கு இரண்டும் ஒன்றே. பிக்டெசிமல் வகையில் 2.0, 2.00 இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஹாஷ்செட்டில் இரண்டு இருக்கும், ட்ரீசெட்டில் ஒன்றுதான் இருக்கும். ஏனெனில் அந்த கிளாஸின் ‘ஈக்வல்ஸ்’ தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது, ‘கம்பேர்டூ’ பார்ப்பதில்லை.

நடைமுறையில் இதைவிட அதிகம் சேதம் செய்வது கையால் எழுதிய ஒப்பீட்டு விதி, அதாவது கம்பேரேட்டர். ஊழியர்களை வயது வாரியாக வரிசைப்படுத்த நினைத்து, வயதை மட்டும் ஒப்பிடும் கம்பேரேட்டரோடு ட்ரீசெட்டுக்கு மாற்றுவார்கள். ஒரே வயதுள்ள இருவரில் ஒருவர் காணாமல் போவார். வரிசைப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் செட்டே வேண்டாம், லிஸ்ட்டை வரிசைப்படுத்துங்கள். செட் தேவைதான் என்றால், வயது சமமானால் அடையாள எண்ணை ஒப்பிடும்படி கம்பேரேட்டரை நீட்டுங்கள்.

லிஸ்ட்டை மேப் ஆக்கும்போது சாவி இரட்டித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். ஜாவாவில் லூப் எழுதி ‘புட்’ செய்தால் கடைசியாக வந்தது முன்னதை மௌனமாக அழித்துவிடும். ‘கலெக்டர்ஸ்.டூமேப்’ என்றால் ‘டூப்ளிகேட் கீ’ என்று எக்ஸெப்ஷன் வரும். மூன்றாவது வாதமாக எதை வைத்துக்கொள்வது என்ற விதியைக் கொடுக்கலாம். எல்லாமே வேண்டுமென்றால் ‘குரூப்பிங்பை’. சி ஷார்ப்பிலும் ‘டூடிக்ஷனரி’ எக்ஸெப்ஷன் எறியும், கட்டச்சதுர அடைப்பில் எழுதினால் மௌனமாக மேலெழுதும். எக்ஸெப்ஷன் எறிபவையே நல்லவை என்பது என் கட்சி. எரிச்சலாக இருந்தாலும் உங்கள் தரவில் இரட்டை இருக்கிறது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுகின்றன.

பைத்தானில் ஒரு வேடிக்கை: 1, 1.0, ‘ட்ரூ’ மூன்றையும் செட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். பல வகை மதிப்புகள் கலந்த ஒரு பத்தியைச் செட் ஆக்கி ஒற்றை மதிப்புகளை எண்ணும்போது இது கணக்கைக் கெடுக்கும்.

எண்ணிக்கை குறைய வேண்டும், ஆனால் குறையவில்லை

உங்கள் கிளாஸில் ‘ஈக்வல்ஸ்’ எழுதி ‘ஹாஷ்கோடு’ எழுதாமல் விட்டிருக்கலாம். சமமான இரண்டு ஆப்ஜெக்ட்கள் வேறு வேறு அறைகளுக்குப் போய்விடும், செட் அவற்றை ஒப்பிட்டே பார்க்காது. ‘ஈக்வல்ஸ்’ மெத்தடின் வாதத்தை ஆப்ஜெக்ட் வகையாக எழுதாமல் உங்கள் கிளாஸ் வகையாக எழுதியிருந்தாலும் இதே விளைவுதான். அது மேலெழுதப்பட்ட மெத்தட் ஆகாமல், அதே பெயரில் இன்னொரு மெத்தடாக நின்றுவிடும். ‘ஓவர்ரைடு’ குறிப்பைத் தலையில் எழுதினால் கம்பைலர் உடனே பிடித்துக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் செட் ஆப்ஜெக்ட்களை அடையாளத்தால் மட்டுமே ஒப்பிடும், மாற்ற வழியில்லை. சாவியாக ஒரு சரத்தை உருவாக்கி மேப்பில் வைப்பது வழக்கமான வழி.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்ந்ததாக ஒரு விதம், ககரத்தோடு எகரக் குறியும் ஆகாரக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்ததாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சரங்களாக ஒப்பிட்டால் வேறு. ‘கொடி’ என்ற சொல் செட்டில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கும், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சந்தேகம் வந்தால் இரு சரங்களின் நீளத்தையும் அச்சிடுங்கள். நீளம் வேறானால் காரணம் இதுவாக இருக்கலாம், அல்லது கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளியாக இருக்கலாம். செட்டில் போடுவதற்கு முன்பே எல்லாச் சரங்களையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு இயல்பாக்கி, ஓர இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள். ஜாவாவில் ‘நார்மலைசர்’ கிளாஸ், பைத்தானில் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதி, ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தின் ‘நார்மலைஸ்’ மெத்தட் இதற்காகவே இருக்கின்றன.

இதையொட்டி இன்னொன்று. பைத்தானில் சரத்தை லிஸ்ட் ஆக்கினால் கிடைப்பவை எழுத்துகள் அல்ல, யூனிகோடு குறியெண்கள். ‘அம்மா’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து உறுப்புள்ள லிஸ்ட்டாக வரும்: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். அந்த லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டுச் சொல்லைத் தலைகீழாக்க நினைத்தால் கால் முதலில் வந்து தனியாக நிற்கும்.

அச்சிட்டால் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது

எனக்குப் பிடித்த பிழை இது, ஏனெனில் நகலெடுப்பதே இதற்குச் சோதனைக் கருவியாகிவிடுகிறது. ஹாஷ்செட்டில் ஓர் ஆப்ஜெக்ட் இருக்கிறது. லூப் போட்டால் கண்ணெதிரே வருகிறது. ‘கன்டெய்ன்ஸ்’ கேட்டால் இல்லை என்கிறது. அந்தச் செட்டை இன்னொரு புதிய ஹாஷ்செட்டுக்கு நகலெடுத்து, அதில் அதே கேள்வியைக் கேளுங்கள். இப்போது ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால் குற்றவாளி பிடிபட்டான்: செட்டில் போட்ட பிறகு அந்த ஆப்ஜெக்ட்டின் புலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அதனால் அதன் ஹாஷ் மாறிவிட்டது. ஆப்ஜெக்ட் பழைய ஹாஷுக்குரிய அறையில் கிடக்கிறது, தேடுபவர் புதிய ஹாஷுக்குரிய அறையைத் திறந்து பார்க்கிறார். நகலெடுக்கும்போது எல்லாம் மறுபடி அறை பிரிக்கப்படுவதால் சரியாகிறது. இதையே தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மாற்றத்தில் திரும்பவும் வரும். ஹாஷ் கணக்கில் சேரும் புலங்களை மாற்ற முடியாதவையாக்குங்கள்.

நகலெடுத்த பிறகுதான் தேடல் தோற்கத் தொடங்கியது என்றால் கதை வேறு: ஒப்பீட்டு விதி வழியில் தொலைந்துவிட்டது. சி ஷார்ப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத டிக்ஷனரியை (மேப்புக்கு அங்கே இதுதான் பெயர்), புதிய டிக்ஷனரியின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்து நகலெடுத்தால் நகல் இயல்பான ஒப்பீட்டுக்குத் திரும்பிவிடும். பழையதன் ‘கம்பேரர்’ பண்பை இரண்டாவது வாதமாகச் சேர்த்துக் கொடுங்கள். ஜாவாவின் ட்ரீசெட் இன்னும் தந்திரமானது. அசலை வைத்திருக்கும் மாறி ‘சார்ட்டடுசெட்’ என்று அறிவிக்கப்பட்டிருந்தால் கம்பேரேட்டரும் கூடவே வரும், ‘கலெக்ஷன்’ என்று அறிவிக்கப்பட்டிருந்தால் வராது. உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் ஒன்றேதான். எந்தக் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பது என்பதைக் கம்பைலர் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்வதால் வரும் வினை.

சிறிய எண்களில் எல்லாம் சரி, பெரிய எண்கள் வந்தால் மட்டும் பொருந்தவில்லை என்கிறதா? இரண்டு இன்டீஜர் லிஸ்ட்களின் உறுப்புகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிறீர்கள். மைனஸ் 128 முதல் 127 வரையான எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும், 128இல் அந்தச் சலுகை முடிந்துவிடும். ‘ஈக்வல்ஸ்’ எழுதுங்கள்.

வரிசை குலைந்துவிட்டது, அல்லது தலைகீழாகிவிட்டது

ஹாஷ்மேப், ஹாஷ்செட் இரண்டும் வரிசைக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆபத்து என்னவென்றால் சோதனையின்போது தருவது போலவே நடிக்கும். 1 முதல் 10 வரை எண்களை ஹாஷ்செட்டில் போட்டால் வரிசையாகவே திரும்பி வரும். 1, 2, 17 போட்டால் 1, 17, 2 என்று வரும். ஆரம்பத்தில் 16 அறைகள், 17க்கும் 1க்கும் ஒரே அறை. போட்ட வரிசையே வேண்டுமென்றால் லிங்க்டு ஹாஷ்மேப், லிங்க்டு ஹாஷ்செட். பைத்தானில் 3.7 முதல் டிக்ஷனரி போட்ட வரிசையைக் காப்பது மொழியின் வாக்குறுதி. செட்டுக்கு அந்த வாக்குறுதி இல்லை. எனவே வரிசை மாறாமல் இரட்டைகளை நீக்க, செட் வழியாகப் போகாமல் ‘டிக்ட்.ஃப்ரம்கீஸ்’ வழியாகப் போய் லிஸ்ட்டுக்குத் திரும்புங்கள்.

எப்போதும் சிறியதை முதலில் எடுத்துத் தரும் பிரியாரிட்டி கியூவை லிஸ்ட் ஆக்கினால் வரிசைப்படுத்திய லிஸ்ட் கிடைக்கும் என்று நம்புவது வழக்கமான தவறு. 3, 1, 2 என்று போட்டு லிஸ்ட்டுக்கு நகலெடுத்தால் 1, 3, 2 வரும். உள்ளே இருக்கும் ஹீப் அமைப்பு அப்படியே கொட்டப்படுகிறது, முதல் உறுப்பு மட்டுமே சிறியது என்பது உறுதி. நகலெடுத்துவிட்டு லிஸ்ட்டை வரிசைப்படுத்துங்கள்.

கடைசியாகப் போட்டதை முதலில் தரும் ஸ்டாக்கிடம் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘பழையபடி’ என்று பின்னோக்கிச் செல்லும் வசதிக்காக ஸ்டாக் வைத்திருந்த நிரலில், ஜாவாவின் பழைய ஸ்டாக் கிளாஸுக்குப் பதிலாக அரேடெக் பயன்படுத்தலாம் என்ற ஆலோசனையைக் கேட்டு மாற்றினேன். ஆலோசனை சரியானதுதான். இருந்த தரவைப் புதிய அரேடெக்கின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்தேன், ஒரு வரி. அதன் பிறகு முதலில் செய்த செயல்தான் முதலில் திரும்பியது. பழைய ஸ்டாக் அடியிலிருந்து மேலாக உறுப்புகளைத் தருகிறது, அரேடெக் அவற்றைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகிறது, ‘பாப்’ செய்யும்போதோ முன்பக்கத்திலிருந்து எடுக்கிறது. ஆக, ஸ்டாக்கின் அடிப்பகுதி வாசலுக்கு வந்துவிட்டது. லூப் போட்டு ஒவ்வொன்றாக ‘புஷ்’ செய்ததும் சரியானது. சி ஷார்ப்பில் இது வேறு விதம்: அங்கே ஸ்டாக் மேலிருந்து கீழாக உறுப்புகளைத் தரும். ஸ்டாக்கிலிருந்தே ஸ்டாக்குக்கு நகலெடுத்தாலும் தலைகீழாகிவிடும். நடுவில் ‘ரிவர்ஸ்’ போடுங்கள்.

தவறான உறுப்பு நீங்குகிறது. லிஸ்ட்டில் ஒரே ஓர் உறுப்புதான் இருக்கிறது

எண்களின் செட்டை லிஸ்ட் ஆக்கிய பிறகு ‘ரிமூவ்’ வேறு எதையோ நீக்குகிறதென்றால், செட்டில் ‘ரிமூவ் 1’ என்பது மதிப்பு 1ஐ நீக்கும், லிஸ்ட்டில் இரண்டாவது இடத்தில் இருப்பதை நீக்கும். எண்ணை ‘இன்டீஜர்.வேல்யூஆஃப்’ வழியாகக் கொடுங்கள். நூறு எண்கள் கொண்ட அரேயை ‘ஆஸ்லிஸ்ட்’ கொண்டு மாற்றியதும் எண்ணிக்கை 1 என்று வந்தால், அடிப்படை வகை ‘இன்ட்’ அரே முழுவதும் ஒற்றை உறுப்பாக உள்ளே போய்விட்டது. ஸ்ட்ரீம் ஆக்கி ‘பாக்ஸ்டு’ செய்து லிஸ்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். பைத்தானில் ‘எக்ஸ்டெண்ட்’ எழுத வேண்டிய இடத்தில் ‘அப்பெண்ட்’ எழுதினால் இதே காட்சி. டிக்ஷனரியை லிஸ்ட் ஆக்கினால் சாவிகள் மட்டும் வரும், இணைகள் வேண்டுமென்றால் ‘ஐட்டம்ஸ்’ வழியாகப் போக வேண்டும்.

எக்ஸெப்ஷன் எறிந்து நின்றுவிடுகிறது

இவை எளிமையானவை. பெயரைப் படித்தாலே பாதி வழி வந்துவிடலாம்.

‘அன்சப்போர்ட்டட் ஆபரேஷன்’ என்றால் நகலாக வந்தது நிலையான அளவுள்ளதோ மாற்ற முடியாததோ ஆகும். ஆஸ்லிஸ்ட், ஜாவா 9இன் லிஸ்ட்.ஆஃப், காப்பிஆஃப், ஜாவா 16இன் ஸ்ட்ரீம் டூலிஸ்ட் எல்லாம் இந்த வகை. முன்பு கலெக்டர்ஸ் வழியாக எழுதியதைச் சுருக்கி டூலிஸ்ட் ஆக்கினால், வேறு எங்கோ ஒரு ‘ஆட்’ உடையும். புதிய அரேலிஸ்ட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

‘சோர்ஸ் டஸ் நாட் ஃபிட் இன் டெஸ்ட்’ என்ற செய்தி ‘கலெக்ஷன்ஸ்.காப்பி’ தருவது. பத்து என்று கொள்ளளவு கொடுத்து உருவாக்கிய அரேலிஸ்ட்டின் எண்ணிக்கை பூஜ்யம்தான். அந்த மெத்தட் ஏற்கெனவே இருக்கும் உறுப்புகளின் மேல்தான் எழுதும். ‘ஆட்ஆல்’ போதும். சி பிளஸ் பிளஸில் இதே தவறு இன்னும் மோசம்: காலி வெக்டரின் (அரேலிஸ்ட் போன்றது) தொடக்கத்துக்கு ‘காப்பி’ செய்தால் எக்ஸெப்ஷன் எதுவும் வர வேண்டிய கட்டாயமில்லை, அடுத்தவர் நினைவகத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் போகலாம். ‘ரிசர்வ்’ செய்தாலும் தீராது, அது கொள்ளளவை மட்டும் கூட்டும். ‘பேக் இன்சர்ட்டர்’ பயன்படுத்துங்கள்.

‘கான்கரன்ட் மாடிஃபிகேஷன்’ என்றால் திரெட் பிரச்சினை என்று நினைத்து ஓடாதீர்கள். ஒரே திரெட்டில், லூப்பின் உள்ளேயே அந்தத் தொகுப்பிலிருந்து நீக்குவதுதான் வழக்கமான காரணம். இந்த எக்ஸெப்ஷன் நிச்சயம் வரும் என்றும் நம்ப முடியாது. அரேலிஸ்ட்டில் கடைசிக்கு முந்தைய உறுப்பை லூப்பில் நீக்கினால் எக்ஸெப்ஷன் வராது, கடைசி உறுப்பு பார்க்கப்படாமலே லூப் முடிந்துவிடும். ‘ரிமூவ்இஃப்’ எழுதுங்கள், அல்லது நகலின் மேல் சுற்றி அசலிலிருந்து நீக்குங்கள்.

‘கிளாஸ் காஸ்ட்’ வந்தால், ‘டூஅரே’ வெறும் அடைப்போடு அழைக்கப்பட்டுச் சரங்களின் அரேயாக வகை மாற்றப்பட்டிருக்கும். அது தருவது ஆப்ஜெக்ட் அரே. பூஜ்ய அளவுள்ள சர அரே ஒன்றை வாதமாகக் கொடுங்கள். தேவைக்கு மேல் பெரிய அரேயைக் கொடுத்தால் கடைசி உறுப்புக்கு அடுத்த இடத்தில் ‘நல்’ வைக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘நல் பாயின்ட்டர்’ வந்தால் சேருமிடம் வெற்று மதிப்பை ஏற்காதது. அரேடெக், கான்கரன்ட் ஹாஷ்மேப், லிஸ்ட்.ஆஃப் குடும்பம் மூன்றும் மறுக்கும். லிஸ்ட்.ஆஃப் தரும் லிஸ்ட்டில் ‘நல் இருக்கிறதா’ என்று கேட்டாலே எறியும். கலெக்டர்ஸ் டூமேப் ஹாஷ்மேப்பைத்தான் உருவாக்குகிறது, ஆனாலும் மதிப்பு ‘நல்’ ஆக இருந்தால் ஏற்காது. அங்கே பழைய லூப்புக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

சி பிளஸ் பிளஸில் வழிவந்த கிளாஸின் புலங்கள் காணாமல் போகின்றன

வழிவந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்களை அடிப்படைக் கிளாஸின் வெக்டருக்கு மதிப்பாக நகலெடுத்தால் அடிப்படைப் பகுதி மட்டும் போய்ச் சேரும், மீதி வெட்டப்படும். மெய்நிகர் ஃபங்ஷன்களும் அடிப்படைக் கிளாஸினுடையவைதான் ஓடும். யூனிக் பாயின்ட்டர்களின் வெக்டராக வைத்து, நகல் வேண்டும்போது கிளாஸுக்குள் ‘குளோன்’ என்ற மெய்நிகர் ஃபங்ஷன் எழுதி அழைப்பதுதான் வழி.

எல்லாம் சரி, ஆனால் நகலெடுக்க நேரம் பிடிக்கிறது

ஆயிரம் உறுப்பில் தெரியாது, பத்து லட்சத்தில் தெரியும். லூப்பின் உடலைப் பாருங்கள். லிங்க்டுலிஸ்ட்டை இடவரிசை எண் கொடுத்து ஒவ்வொன்றாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து நடந்து வர வேண்டும். அரேலிஸ்ட்டின் தலையில் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் மற்றவை எல்லாம் ஓர் இடம் நகர வேண்டும். இரட்டைகளைத் தவிர்க்க லிஸ்ட்டின் ‘கன்டெய்ன்ஸ்’ கேட்டுச் சேர்த்தால் உறுப்புகளின் வர்க்கத்துக்கு நேரம் வளரும். பக்கத்தில் ஒரு ஹாஷ்செட் வைத்து அதைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் மோசம், காப்பிஆன்ரைட் அரேலிஸ்ட்டுக்கு லூப்பில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. ஒவ்வொரு சேர்ப்புக்கும் அது முழு அரேயையும் புதிதாக நகலெடுக்கும். சாதாரண அரேலிஸ்ட்டில் எல்லாவற்றையும் திரட்டி, ஒரே ‘ஆட்ஆல்’ அழைப்பில் உள்ளே விடுங்கள். பத்து லட்சம் நகல்கள் எடுத்த இடத்தில் ஒன்று எடுத்தால் போதும்.